வீட்டு ஜெபத்துக்கு யாருடைய சொற்கள்?

சனிக்கிழமை இரவு அல்லது ஞாயிறு மாலை. ஒரு லுத்தரன் குடும்பம் கூடத்தில் கூடி உட்காருகிறது. முதலில் ஒரு பாட்டு, பிறகு வேதத்திலிருந்து ஒரு சிறு பகுதி. பத்துக் கட்டளைகளிலிருந்தோ விசுவாசப் பிரமாணத்திலிருந்தோ ஒரு துண்டை எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள். "இதற்கு அர்த்தம் என்ன?" என்று அப்பாவோ அம்மாவோ கேட்கிறார், பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். ஒரு சிறு ஜெபம், முடிவில் கர்த்தருடைய ஜெபம். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு எழுந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிதாக எதுவும் நடந்ததாகத் தெரியாது. சொன்ன சொற்கள் முழுக்க ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்தவை. போன வாரமும் அவற்றையேதான் சொன்னார்கள்.

இதைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கேள்வி எழும். "மனப்பாடமாக ஒப்பிப்பது எப்படி ஜெபமாகும்? மனசிலிருந்து வந்தால்தானே ஜெபம்?" கிறிஸ்தவர்களிலேயே பலர் இப்படிக் கேட்பார்கள். லுத்தரன் சபைகளில் பிறந்து வளர்ந்தவர்களும் கேட்பார்கள். புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதைச் சோம்பேறி ஜெபம் என்று நினைப்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி இது. அதற்கு விடை தேட வேண்டுமானால் இந்தப் பழக்கம் எந்த வீட்டில், எந்தத் தேவைக்காக உண்டானது என்று நாம் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

1528-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் ஒவ்வொரு சபையாகச் சென்று நிலைமையைப் பார்வையிட அதன் ஆட்சியாளர் குழுக்களை அனுப்பியிருந்தார். அந்தக் குழுக்களில் ஒன்றில் மார்ட்டின் லுத்தரும் இருந்தார். அவர் ரோமாபுரித் திருச்சபையோடு வாதத்தைத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார், வேதத்தின் புதிய ஏற்பாட்டை மக்கள் பேசும் ஜெர்மனில் கொடுத்துவிட்டார். கிராமங்களில் நேரில் பார்த்தபோதோ அவருக்கு அதிர்ச்சி. ஞானஸ்நானம் பெற்று, திருவிருந்திலும் பங்கெடுக்கும் மக்களுக்குக் கர்த்தருடைய ஜெபம் தெரியவில்லை. விசுவாசப் பிரமாணம் தெரியவில்லை. பத்துக் கட்டளைகள் தெரியவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டிய போதகர்கள் பலருக்கே கற்பிக்கும் திறமை இல்லை.

திரும்பி வந்தவர் 1529-இல் இரண்டு ஞானோபதேசங்களை வெளியிட்டார். விசுவாசத்தின் அடிப்படைப் பாடங்களைக் கேள்வி பதிலாகச் சொல்லும் நூல்தான் ஞானோபதேசம். பெரியது போதகர்களுக்கும் விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கும். சிறியது வீட்டுக்கு. சிறியதன் பகுதிகள் முதலில் புத்தகமாகக்கூட வரவில்லை, சுவரில் மாட்டும் பெரிய தாள்களாக அச்சாகின. அதே ஆண்டில்தான் அது நூலானது. நூலின் முக்கியப் பிரிவுகளின் தலைப்புகளில், வீட்டுத் தலைவர் இதைத் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் என்று போட்டிருந்தார். அந்தத் தலைப்புகளில் போதகருக்கு என்று போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்பா அம்மாவுக்கு இந்த உரிமையை யார் தந்தது? லுத்தர் 1522-இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு விடை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அப்போஸ்தலரும் பேராயரும் போதகரும் அவர்களுடைய தகப்பனும் தாயுமே என்று அதில் சொல்கிறார். தாயையும் சேர்த்தே சொல்கிறார். பிற்காலத்தில் பல வீடுகளில் ஞானோபதேசத்தை உண்மையில் கற்றுக்கொடுத்தவர்கள் அம்மாக்களும் பாட்டிகளும்தான். ஆனாலும் தலைப்பில் இருந்த வீட்டுத் தலைவர் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அப்பா ஊரில் இல்லையென்றால் குடும்ப ஜெபமும் இல்லை என்று விட்டுவிடும் வீடுகளைப் பார்க்கிறோம். அப்படி விட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சரி, சிறிய ஞானோபதேசத்தைத் திறந்து பார்ப்போம். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து என்று வரிசையாகப் போகிறது. ஒரு வாக்கியத்தைச் சொல்வதும், அதன் பொருள் என்ன என்று கேட்பதும், இரண்டு மூன்று வாக்கியத்தில் பதில் சொல்வதும்தான் முறை. பின்பகுதியில் காலையில் எழுந்ததும் செய்ய வேண்டியது, இரவில் படுக்குமுன் செய்ய வேண்டியது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டியது ஆகியவை வருகின்றன. புத்தகம் பாடநூலாகத் தொடங்கி அன்றாடப் பழக்கத்தில் போய் முடிகிறது.

காலை ஜெபத்துக்கு அவர் எழுதிவைத்த முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். படுக்கையிலிருந்து எழுந்ததும் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்ல வேண்டும். முழங்காலிட்டோ நின்றோ விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, விருப்பமிருந்தால், தாம் எழுதிக்கொடுத்த சிறு ஜெபத்தையும் சொல்லலாம் என்கிறார். தம் சொந்த வார்த்தைகளுக்கு மட்டும் விருப்பமிருந்தால் என்று போட்டிருக்கிறார் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே சந்தோஷமாக வேலைக்குப் போகச் சொல்கிறார். இரவில் இதே வரிசை. முடித்தவுடன் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டும். நீளமாக ஜெபி, விழித்திரு, அழு என்று எங்கும் சொல்லவில்லை.

இது தினசரி முறை. வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் குறைந்தது வாரம் ஒருமுறை பிள்ளைகளையும் வேலைக்காரரையும் வரிசையாகக் கேட்டு, அவர்களுக்கு என்ன தெரியும், என்ன கற்றுவருகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று லுத்தர் எழுதுகிறார். லுத்தரன் வீடுகளின் வாரப் பழக்கத்துக்கு வேர் இதுதான். வேலைக்காரரும் சேர்த்தி என்பதை விட்டுவிடக் கூடாது. அந்தக் காலத்து வீட்டில் அடுப்படிப் பெண்ணும் குதிரைக்காரனும் தொழில் கற்கும் பையனும் குடும்பத்துக்குள் அடக்கம். அவர்கள் ஆன்மாவுக்கும் வீட்டார் பொறுப்பு என்று அவர் நினைத்தார்.

அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். காலையிலும் சாப்பாட்டு நேரத்திலும் இரவிலும் பிள்ளைகள் இவற்றைச் சொல்லிப் பழக வேண்டும், சொல்லும்வரை சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது என்கிறார். இதில் நான் லுத்தரோடு போகமாட்டேன். பசித்த பிள்ளையின் தட்டுக்கு முன்னால் வைக்கிற நிபந்தனை, அந்தப் பிள்ளைக்கு ஜெபத்தின்மேல் என்ன நினைவை விட்டுப்போகும்? அறியாமையைக் கண்டு கொதித்த மனதோடு எழுதியிருக்கிறார் என்று புரிகிறது. ஆனால் அவரே மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1526-இல், இதைவிட நல்ல வழி ஒன்றைச் சொல்லியிருந்தார்.

அந்த ஆண்டு ஜெர்மன் மொழியில் ஆராதனை முறையை வெளியிட்டபோது, முன்னுரையில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டை விவரிக்கிறார். பிள்ளைகள் மனதில் இரண்டு பைகள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று விசுவாசப் பை, மற்றது அன்பின் பை. ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு அறைகள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்ட ஒரு வசனத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் அப்பா அம்மாவிடம் சொல்லி, அது எந்தப் பையில் எந்த அறைக்குப் போகும் என்று தீர்மானித்துப் போட்டுவைக்க வேண்டும். மனிதனின் குறையைச் சொல்லும் வசனம் விசுவாசப் பையின் ஓர் அறைக்கு, கிறிஸ்து தந்த மீட்பைச் சொல்லும் வசனம் அடுத்த அறைக்கு. பிறருக்கு நன்மை செய்யச் சொல்வது அன்பின் பையில் ஓர் அறைக்கு, தீமையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது மற்றதற்கு. இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று பெரியவர்கள் ஒதுக்க வேண்டாம் என்றும் அங்கேயே எழுதுகிறார். மனிதரை இழுக்கக் கிறிஸ்து மனிதராக வேண்டியிருந்தது; பிள்ளைகளை இழுக்க நாம் பிள்ளைகளாக வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். ஞாயிறு ஆலயத்தில் கேட்டது சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும் வழி இது. இன்றும் ஒரு வீடு வாரத்துக்கு ஒருமுறை செய்யக்கூடியது.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். மனப்பாடச் சொற்கள் ஜெபமாகுமா?

இதற்கு லுத்தர் எழுதிய மிக நல்ல பதில் ஒரு நாவிதருக்கு எழுதியது. விட்டன்பர்க் ஊரில் அவருக்கு முடிதிருத்தி வந்த பீட்டர் பெஸ்கன்டார்ஃப் என்ற பழைய நண்பர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். 1535-இல் லுத்தர் ஒரு சிறு நூலையே பதிலாக எழுதினார். அதன் தொடக்கத்திலேயே தம் நிலைமையைச் சொல்லிவிடுகிறார். வேறு வேலைகளாலும் எண்ணங்களாலும் மனம் குளிர்ந்துபோய், ஜெபிக்கவே பிடிக்காமல் போகும் நேரங்களில் என்ன செய்வார்? சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடுவார். ஆராதனை நேரமானால் ஆலயத்துக்கு ஓடுவார். அங்கே பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சில வசனங்களையும் சிறுபிள்ளைகள் சொல்வதைப் போலவே வார்த்தை வார்த்தையாகத் தமக்குத் தாமே சொல்லத் தொடங்குவார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனசிலிருந்து வந்தால்தான் ஜெபம் என்பவர்கள், மனம் எப்போதும் சூடாக இருக்கும் என்று நம்புகிறார்கள். லுத்தருக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவ்வளவு பெரிய போதகரின் மனமே குளிர்ந்துபோகும் என்றால், நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வரும் அப்பாவின் மனம் எப்படி இருக்கும்? கணக்குப் பரீட்சைக்கு நடுவில் கூப்பிடப்பட்ட மகளின் மனம்? சொந்த வார்த்தை வரும்வரை காத்திருந்தால் அந்த வீட்டில் ஜெபமே நடக்காது. தெரிந்த சொற்கள் இருந்தால் குளிர்ந்த மனத்தோடும் தொடங்கிவிடலாம். தொடங்கிய பிறகு மனம் வந்து சேர்ந்துகொள்ளும். சேராத நாளிலும், சொன்ன சொற்கள் உண்மையான சொற்கள்தான்.

ஆனால் வாய் சொல்ல மனம் எங்கோ அலைவதை லுத்தர் ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துவிடக் கூடாது. அதே நூலில் நாவிதரிடம் அவருடைய தொழிலையே எடுத்துக் காட்டுகிறார். நல்ல நாவிதர் சவரக் கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருப்பார், எந்த இடம்வரை வந்திருக்கிறோம் என்று மறக்கமாட்டார். ஊர்க்கதை பேசிக்கொண்டே பராக்குப் பார்த்தால் வாயையோ மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார். ஒரு வேலைக்கே மனம் முழுதும் வேண்டியிருக்கிறது என்றால் ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பது அவருடைய கேள்வி. மனப்பாடச் சொற்களைச் சொல், ஆனால் அவற்றின்மேல் கண் வை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்.

கண் வைப்பது எப்படி என்பதற்கும் ஒரு வழி தருகிறார். ஒரு கட்டளையையோ ஒரு வரியையோ எடுத்துக்கொண்டு அதை நான்கு முறை திருப்பிப் பார்க்கச் சொல்கிறார். இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதில் நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்டு ஜெபிக்க வேண்டும். திருடக் கூடாது என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். அடுத்தவர் பொருளைத் தொடாதே என்பதோடு, அவர் பிழைப்பு நன்றாக நடக்க உதவு என்றும் அது கற்பிக்கிறது. சிறிய ஞானோபதேசம் இந்த விளக்கத்தைத்தான் தருகிறது. நன்றி சொல்ல வேண்டியது, இந்த மாதச் சம்பளமும் பூட்டிய கதவுக்குள் பத்திரமாக இருக்கும் நம் பண்டங்களும். அறிக்கையிட வேண்டியது, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குப் பத்தாம் தேதிவரை சம்பளத்தை இழுத்தடித்தது. கேட்க வேண்டியது, தெருமுனையில் புதிதாகக் கடை போட்டிருப்பவருக்கு நல்ல வியாபாரம். ஒரே ஒரு கட்டளை, மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு சொல். அதிலிருந்து ஒரு குடும்பத்தின் சொந்த ஜெபம் முழுதாகப் பிறந்துவிட்டது பாருங்கள். சொந்த வார்த்தைக்கும் மனப்பாட வார்த்தைக்கும் சண்டையே இல்லை. ஒன்றிலிருந்துதான் மற்றது வருகிறது.

நடுவில் நல்ல எண்ணங்கள் பொங்கி வந்தால் என்ன செய்வது? மீதியை விட்டுவிடு, அந்த எண்ணத்துக்கு இடம் கொடு, அமைதியாக இருந்து கேள், அதைத் தடுக்காதே என்கிறார். பரிசுத்த ஆவியே அங்கே பிரசங்கிக்கிறார் என்பது அவர் நம்பிக்கை. எழுதிவைத்த முறையை எப்போது கைவிடலாம் என்பதையும் எழுதிவைத்த ஆசிரியர் இவர். புத்தக ஜெபம் என்று இதை ஒதுக்குபவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

அந்த நாவிதரின் கதை நல்லபடியாக முடியவில்லை. அதே 1535-இல், ஈஸ்டருக்கு முந்தின நாள், குடும்ப விருந்து ஒன்றில் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லுத்தரும் மற்றவர்களும் அவருக்காகப் பரிந்து பேசியதால் உயிர் தப்பி, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். லுத்தரன் மரபின் மிகப் பிரபலமான ஜெப நூல் இப்படி ஒருவருக்காகத்தான் எழுதப்பட்டது. நம் குடும்பம் அவ்வளவு ஒழுங்கில்லையே, எப்போதும் சச்சரவு, எந்த முகத்தோடு உட்கார்ந்து ஜெபிப்பது என்று தயங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு ஜெபம் என்றால் அப்பா பிரசங்கம் செய்ய வேண்டுமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. வேண்டியதில்லை. 1532 முதல் 1534 வரை உடல்நிலை காரணமாக லுத்தரால் ஆலயத்தில் பேச முடியாமல் போன ஞாயிறுகளில், வீட்டிலேயே பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் பேசினார். அவற்றை ஃபைட் டீட்ரிஷ் என்பவர் குறித்துவைத்து 1544-இல் நூலாக வெளியிட்டார். ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு பிரசங்கம் என்று அடுக்கிய இத்தகைய நூல்களை வீட்டில் ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். வாசிக்கத் தெரிந்தால் போதும்.

வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றேன். எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வி வருமே. இந்த வீட்டுப் பழக்கம் ஒரு நாட்டையே எழுத்து கூட்ட வைத்தது சுவீடனில். 1686-இல் அங்கே வந்த திருச்சபைச் சட்டம், எல்லாரும் வாசிக்கக் கற்று ஞானோபதேசத்தை அறிந்திருக்க வேண்டும் என்றது. போதகர் ஊர் ஊராக, பகுதி பகுதியாக வந்து, ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறாரா, மனப்பாடமாகச் சொல்கிறாரா, பொருள் தெரிகிறதா என்று ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் பதிவேட்டில் குறிப்பார். எசமானும் எழுந்து பதில் சொல்ல வேண்டும், மாட்டுக்காரப் பையனும் சொல்ல வேண்டும். திருவிருந்துக்கும் திருமணத்துக்கும் இந்த அறிவு தேவைப்பட்டது. தொடக்கப்பள்ளிகளை நாடெங்கும் அமைக்கும் சட்டம் 1842-இல்தான் வந்தது. அதற்கு முன்பே அந்த நாட்டில் பெரும்பாலானோர் வாசித்தார்கள், பெண்களும் சேர்த்து. எழுதத் தெரியாமல் வாசிக்க மட்டும் தெரிந்தவர்கள் அவர்களில் ஏராளம். அடுப்பங்கரையில் அம்மாவிடம் படித்தவர்கள்.

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. 1726-இல் சுவீடன் அரசு, வீடுகளில் கூடி நடத்தும் ஜெபக் கூட்டங்களைத் தடை செய்தது. சொந்தக் குடும்பத்தார் தங்கள் வீட்டுக்குள் ஜெபிக்கலாம். அடுத்த வீட்டாரைச் சேர்த்துக்கொண்டால் குற்றம். 1858-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. வீட்டு ஜெபத்தைக் கட்டாயமாக்கிய அதே கை, அது வாசலைத் தாண்டாமலும் பார்த்துக்கொண்டது. ஜெபத்தைச் சட்டத்தால் வளர்க்க நினைத்தது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. வாசிப்பைப் பரப்பியது பெரிய நன்மை, அதை மறுக்க முடியாது. என்றாலும் மதிப்பெண் போடப் பதிவேட்டோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் அங்கே ஜெபம் பரீட்சையாகிவிடுகிறது.

இந்த மரபு மிக அழகாக வாழ்ந்த இடம் ஐஸ்லாந்து என்பேன். குளிர்காலத்தில் சில மணி நேரமே வெளிச்சம். ஆலயத்துக்குப் போகப் பனியில் நெடுந்தூரம். புல்தரைக் கட்டிகளை அடுக்கிக் கூரை வேய்ந்த பண்ணை வீடுகளில் எல்லாரும் ஒரே நீண்ட அறையில் தூங்குவார்கள், வேலை செய்வார்கள், சாப்பிடுவார்கள். மாலையில் அவரவர் கட்டிலில் உட்கார்ந்து கம்பளி சிக்கெடுப்பார்கள், நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருவர் பழங்கதைகளை உரக்கப் படிப்பார். படுக்கப் போகுமுன் வேலையைக் கீழே வைத்துவிட்டு வீட்டு வாசிப்பு தொடங்கும். ஒரு பாட்டு, நூலிலிருந்து ஒரு பகுதி, ஜெபம், மறுபடி ஒரு பாட்டு. முடிந்ததும் வாசித்தவருக்கு எல்லாரும் நன்றி சொல்வார்கள்.

அவர்கள் வாசித்த நூல்களில் மிகப் புகழ்பெற்றது பேராயர் யோன் வீதாலின் எழுதிய பிரசங்கத் தொகுப்பு. ஹோலார் என்ற ஊரில் 1718 முதல் 1720 வரை அச்சானது. பாடியவற்றில் முதலிடம் ஹால்கிரீமூர் பியெட்டர்சன் எழுதிய பாடுகளின் பாடல்களுக்கு. கிறிஸ்துவின் பாடுமரணத்தை ஐம்பது பாடல்களில் பாடிய இவர் ஓர் ஏழைச் சபைப் போதகர், தொழுநோயால் வதைபட்டு 1674-இல் இறந்தார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களை ஒட்டி, மாலைக்கு ஒன்றாக இவற்றைப் பாடுவது வீடுகளின் வழக்கம். பண்ணை வீடுகள் மறைந்து மின்விளக்கு வந்த பின்னும் அந்தப் பாடல்கள் போகவில்லை. 1944 முதல் ஐஸ்லாந்து தேசிய வானொலி ஒவ்வோர் ஆண்டும் லெந்து நாட்களில் அவற்றை வாசித்துவருகிறது. சொந்த வார்த்தைகளில் மட்டும் ஜெபித்திருந்தால், தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து சொல்ல அந்த வீடுகளில் என்ன மிஞ்சியிருக்கும்?

வாரக் கணக்கில் நடக்கும் வீட்டு வழிபாட்டுக்கு உலகமறிந்த ஒரு பொருள், கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஏற்றும் மெழுகுவர்த்தி வளையம். ஹாம்பர்க் அருகே ஆதரவற்ற சிறுவர்களுக்காக இல்லம் நடத்திய லுத்தரன் இறையியலாளர் யோஹான் விஷர்ன் 1839-இல் ஒரு மரச் சக்கரத்தில் வாரநாட்களுக்குச் சிறு சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்தார். நாளுக்கொன்று ஏற்றி, வேதம் வாசித்து, பாடுவார்கள். பிறகு அது நான்கு மெழுகுவர்த்தியாகச் சுருங்கி வீட்டு மேசைகளுக்கு வந்தது. வாரம் ஒருமுறை என்ற தாளத்தைச் சிறு பிள்ளையின் கண்ணுக்கும் காட்டும் ஏற்பாடு.

நம் பக்கம் வருவோம். 1706 ஜூலையில் டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் கற்றுத் தமிழில் தந்த முதல் நூல்களில் லுத்தரின் சிறிய ஞானோபதேசமும் ஒன்று. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன, 1715-இல் புதிய ஏற்பாடு அச்சானது. ஆரோன் முதல் இந்திய லுத்தரன் போதகராக 1733-இல்தான் பட்டம் பெற்றார். அதுவரை ஊர்களில் இருந்தவர்கள் உபதேசியார்கள். அவர்களும் எல்லா ஊருக்கும் போதவில்லை. தஞ்சைச் சீமையில் படைவீரராக இருந்த இராஜநாயக்கன், கையில் கிடைத்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்துத்தான் இந்தச் சபைக்கு வந்தார், பிறகு உபதேசியாரானார். போதகர் எட்டாத இடங்களில் புத்தகமும் மனப்பாடமும் வீடும் சபையைத் தாங்கின.

இன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, ஆற்காடு லுத்தரன் திருச்சபை, இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆகியவற்றின் வீடுகளில் குடும்ப ஜெபம் என்றால் ஜெர்மன் ராகத்தில் ஒரு ஞானப்பாட்டும், கர்நாடக ராகத்தில் ஒரு கீர்த்தனையும் வரலாம். கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். அவர் பாட்டுகள் வேறு சபைக்காரர் வீடுகளிலும் ஒலிக்கின்றன. அவையும் இரவல் சொற்கள்தான். அவற்றைப் பாடும்போது எந்தத் தமிழ்க் கிறிஸ்தவரும் இவை என் மனசிலிருந்து வரவில்லை என்று நினைப்பதில்லை. பாட்டுக்கு நாம் தருகிற இந்த இடத்தை ஜெபத்துக்கும் தந்துவிட்டால் நம் சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும்.

வாரம் ஒருமுறையாவது தொடங்க விரும்பும் வீடுகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, நேரத்தைச் சுருக்குங்கள். மாதத்தில் ஒருநாள் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தால் பிள்ளைகள் அடுத்த முறை ஒளிந்துகொள்வார்கள். வாரம் பத்து நிமிடம் என்றால் வருவார்கள். இரண்டு, கேள்வியை விடாதீர்கள். சொல்வதோடு நிறுத்தினால் அது வெறும் ஒப்பிப்பாகிவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. மனப்பாட ஜெபத்தைக் குறை சொல்பவர்கள் பார்த்ததும் அப்படிப்பட்ட ஒப்பிப்பைத்தான். இதற்கு அர்த்தம் என்ன என்று கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை புத்தகத்தில் உள்ள பதிலைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை என்று சொன்னால், அதையும் பொறுமையாகக் கேளுங்கள். அந்தப் பதிலும் கூடத்தில் எல்லார் முன்னும் வந்தது நல்லதுதான்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் கர்த்தருடைய ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். லுத்தரன் ஞானோபதேசம் அதை ஏழு விண்ணப்பங்களாகப் பிரிக்கிறது. வாரத்துக்கு ஒரு விண்ணப்பம் என்று வைத்தால் ஏழு வாரத்துக்கு வரும்.